பதிவேட்டைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு

கண்ணு, டயாலிசிஸ் யூனிட்டில் பதிவேட்டு வேலை உனக்குக் கிடைத்திருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். ஊசி, ரத்தம் எதுவும் இல்லை, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலைதான் என்று அவளுக்கு ஒரே நிம்மதி. இருக்கட்டும். நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மெஷின் பக்கம் நின்றும் இருக்கிறேன், பதிவேட்டின் முன் உட்கார்ந்தும் இருக்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களை அதிகமாகக் கொண்டுபோவது இதயக் கோளாறு. அதற்கு அடுத்தபடியாகத் தொற்று. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்து, குழாயில் சுற்றி, திரும்ப உள்ளே போகிறது. ஒவ்வொரு தடவையும் கிருமிக்கு ஒரு வழி கிடைக்கிறது. அது நுழைந்துவிட்டதை முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரங்களில் நீ எழுதப்போகிற அந்தப் பக்கம்தான்.

நான் டாக்டர் இல்லையே என்று கூச்சப்படாதே. டாக்டர் எம்.கே. மணி தொடங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னையை அடுத்த கிராமங்களில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்தபோது, அந்த வேலையைச் செய்தவர்கள் பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள்தான். இனி நான் சொல்கிறதைக் கேள்.

1. பெயரை மட்டும் நம்பாதே. நம் ஊரில் வரதராஜன் எத்தனை, காமாட்சி எத்தனை, ஏகாம்பரம் எத்தனை! ஒரே ஷிப்டில் இரண்டு காமாட்சி, இருவருக்கும் ஒரே இனிஷியல், இருவருக்கும் ஐம்பத்துச் சொச்சம் வயது. காஞ்சிபுரத்தில் இதெல்லாம் சர்வசாதாரணம். ரத்தத்தை வடிகட்டும் டயலைசரைக் கழுவி அதே நோயாளிக்கு மறுபடி மாட்டுகிற இடங்களில், அதன்மேல் ஒட்டிய பெயர்ச் சீட்டு ஆள் மாறினால் என்ன ஆகும் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே பெயரோடு தகப்பனார் அல்லது கணவர் பெயர், தெரு, காப்பீட்டு அட்டை எண் எல்லாவற்றையும் எழுது. காப்பீட்டு அட்டையில் வரதன், ஆதாரில் வரதராஜன், லேப் சீட்டில் வரதராஜுலு என்று ஒரே மனிதர் மூன்று பேராக உலவுவார். அவரை ஓர் ஆளாக்குவது உன் முதல் வேலை. அதற்கு நீ நாற்காலியை விட்டு எழுந்து அவர் படுக்கைக்குப் பக்கத்தில் போய், "ஐயா, நீங்க பிள்ளையார்பாளையமா, ஓரிக்கையா?" என்று கேட்க வேண்டும். இப்படி இரண்டு தடவை கேட்டுவிட்டால் மூன்றாம் தடவை அவரே கூப்பிடுவார்: "பாப்பா, போன வாரம் மெஷின் போட்டுட்டு வீட்டுக்குப் போனதும் குளிர் தூக்கிப் போட்டுது, எழுதிக்கோ." இந்தத் தகவல் எந்த ரிப்போர்ட்டிலும் வராது.

2. தெரியாததைத் தெரியாது என்றே எழுது. இந்திய சிறுநீரகவியல் சங்கம் 2005இல் நாடு முழுவதற்குமான ஒரு நாள்பட்ட சிறுநீரக நோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. 2012இல் வெளிவந்த அதன் முதல் அறிக்கையில் 52,273 பேரின் விவரம் இருந்தது. ஏறக்குறைய 31 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்தான் காரணம். 16 சதவீதம் பேருக்கு, காரணம் தெரியவில்லை. எனக்கு அந்த அறிக்கையில் பிடித்தது இந்த இரண்டாவது எண். அந்த ஆயிரக்கணக்கான பேரில் ஒவ்வொருவருக்கும் 'பிரஷராக இருக்கலாம்' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அப்படி எழுதாமல் விட்டதால்தான், காரணம் புரியாத சிறுநீரக நோய் இத்தனை பேருக்கா என்று நாடு கேட்க முடிந்தது. தொற்று விஷயத்தில் இது இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் சி கட்டத்தில் 'நெகட்டிவ்' என்று எழுதுவதும், 'டெஸ்ட் எடுக்கவில்லை' என்று எழுதுவதும், 'ரிசல்ட் வரவில்லை' என்று எழுதுவதும் வேறு வேறு. காலியாக விட்ட கட்டத்தைப் படிப்பவர் நெகட்டிவ் என்றுதான் படிப்பார், மனித சுபாவம்.

3. தேதி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ரிப்போர்ட் வந்த தேதி ஒன்று, ரத்தம் எடுத்த தேதி ஒன்று. உனக்கு வேண்டியது ரத்தம் எடுத்த தேதி. கிருமி உடம்புக்குள் போன உடனே டெஸ்ட்டில் தெரிந்துவிடாது, வாரக்கணக்கில் ஒளிந்திருக்கும். வேறு ஊரில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர் ஒரு ஜெராக்ஸ் ரிப்போர்ட்டை நீட்டி "எல்லாம் நெகட்டிவ்" என்பார். அது எடுத்து நாலு மாதம் ஆகியிருக்கும். அது நாலு மாதத்துக்கு முந்தைய மனிதரின் ரிப்போர்ட், கண்ணு. சேரும்போதே புதிதாக ரத்தம் எடுக்கச் சொல்.

தேதி ஆளைக் காப்பாற்றியதையும் பார்த்திருக்கிறேன். ஐயம்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்கு மாதாந்திர ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் வந்தது. தனி அறைக்கு மாற்ற எல்லாம் தயார். அவர் மகன் வராண்டாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதிவேட்டைப் பார்த்தபோது, ரத்தம் எடுப்பதற்கு நாலு நாள் முன்புதான் தடுப்பூசியின் மூன்றாவது டோஸ் போட்டிருந்தது தெரிந்தது. தடுப்பூசியில் இருப்பதே அந்தக் கிருமியின் மேலுறைப் புரதம்தான். போட்ட பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் ரத்தம் எடுத்தால் டெஸ்ட் சில பேருக்குப் பாசிட்டிவ் காட்டும். அந்தக் காலம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள், நெகட்டிவ். ஊசி போட்ட தேதியை அன்றைக்கே எழுதி வைத்த ஒரு பெண்ணின் கையெழுத்து அங்கே இருந்தது. அவள் பெயரை யாரும் பாராட்டு விழாவில் சொல்லவில்லை.

4. யார், எந்த மெஷினில், எந்த ஷிப்டில், யார் கையால் என்று ஒவ்வொரு நாளும் குறித்து வை. முதல் ஒரு வருஷம் இது வீண் வேலையாகத்தான் தெரியும். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த மேசைமேலும் மெஷின் பட்டன்மேலும், குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். அதனால்தான் அதற்குத் தனி அறை, தனி மெஷின், அந்த ஷிப்டுக்குத் தனி ஆள். ஹெபடைடிஸ் சி கதை கொஞ்சம் வேறு. அங்கே கைதான் முக்கியம். பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், ஒரு யூனிட்டில், இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பேருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் சி வந்தது. எல்லாரும் மெஷினைத் திட்டினார்கள். பதிவேட்டைப் பிரித்தால் அந்த இருவரும் ஒரு நாளும் ஒரே மெஷினில் படுத்தவர்கள் இல்லை. ஆனால் இருவரும் ஒரே ஷிப்ட், ஒரே வரிசை. அந்த வரிசையில் ஏற்கெனவே ஹெபடைடிஸ் சி உள்ள ஒருவர் இருந்தார். ஒரே டிராலி, அதன்மேல் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஒரே பாட்டில், படுக்கை படுக்கையாகத் தள்ளிக்கொண்டு போய் ஆளாளுக்கு அதிலிருந்தே உறிஞ்சிப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மருந்து எடுக்கிற மேசை தனியாக, நோயாளிகளை விட்டுத் தள்ளிப் போடப்பட்டது. டிராலி ஊர்வலம் நின்றது. அந்த யூனிட்டில் மெஷின் எண்ணை எழுதாமல் விட்டிருந்தால் புது மெஷின் வாங்கிப் போட்டு, பழைய பாட்டிலைத் தொடர்ந்திருப்பார்கள்.

இன்னொன்று. ஹெபடைடிஸ் சி கண்டுபிடித்துச் சொல்வது ஒரு காலத்தில் தலையில் இடி போடுகிற மாதிரி இருந்தது. இப்போது மாத்திரைகளாலேயே குணமாகிறது; பெரும்பாலும் மூன்று மாதம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மருந்து இலவசம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட் என்று எழுதியிருப்பதை ஒன்பது மாதம் ஆக்குகிறவர்கள், ஒருவரின் மூன்று மாத வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்.

5. பூஜ்யத்தைக் கண்டால் சந்தேகப்படு. 'இந்த மாதம் தொற்று: இல்லை' என்று எழுதுவது எல்லாருக்கும் இனிக்கும். ஆனால் குளிர்க் காய்ச்சல் வந்தவருக்கு பிளட் கல்ச்சர் எடுக்காமலே ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்பினால், அந்த மாதம் கல்ச்சர் பாசிட்டிவ் எப்படி வரும்? எழுதாத காய்ச்சல் வராத காய்ச்சல் ஆகிவிடாது. அமெரிக்காவில் டயாலிசிஸ் யூனிட்களைக் கண்காணிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள், நமக்கும் பொருந்தும். மூன்றே மூன்று விஷயத்தை எண்ண வேண்டும்: ஆன்டிபயாடிக் ஊசி ஆரம்பித்தது, பிளட் கல்ச்சர் பாசிட்டிவ் வந்தது, குழாய் அல்லது பிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைப்பது) இடத்தில் சீழோ சிவப்போ அதிக வீக்கமோ கண்டது. அதே தொந்தரவு 21 நாளுக்குள் திரும்ப வந்தால் புதிதாக எண்ணக் கூடாது. இந்த மூன்றில் முதலாவது பெரிய கெட்டிக்காரத்தனம். கல்ச்சர் எடுக்காத யூனிட்டும் ஊசி போட்டதை மறைக்க முடியாது, மருந்துக் கணக்கு இருக்கிறதே!

எத்தனை பேரில் எத்தனை என்பதும் வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் இரண்டு வேலை நாளில் வந்தவர்களை எண்ணு. வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறவர்கள் என்பதால் இரண்டு நாளில் ஏறக்குறைய எல்லாரும் அகப்பட்டுவிடுவார்கள். அவர்களைப் பிஸ்டுலா எத்தனை, செயற்கைக் குழாயால் இணைத்த கிராஃப்ட் எத்தனை, கழுத்துக் குழாய் எத்தனை என்று பிரித்துக்கொள். 40 பேரில் 2 தொற்று என்றால் நூற்றுக்கு 5. 80 பேரில் 3 என்றால் 3.75. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டாவது இடம் மோசமாகத் தெரியும். உண்மை மாறி இருக்கும். கழுத்துக் குழாய் அதிகமுள்ள யூனிட்டைப் பிஸ்டுலா அதிகமுள்ள யூனிட்டோடு ஒப்பிட்டு ஒரு மீட்டிங்கில் யாரையாவது அவமானப்படுத்தப் பார்ப்பார்கள். நீ அந்தப் பிரித்த கணக்கை எடுத்து மேசைமேல் வை. குரலை உயர்த்த வேண்டியதில்லை.

6. 'ஏன்' என்று ஒரு கட்டம் போடு. அச்சடித்த படிவத்தில் இருக்காது, நீயே ஓரத்தில் போட்டுக்கொள். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர். பட்டறையில் கோர்வை போடுவதில் பெயர் எடுத்தவர். கழுத்துக் குழாயோடு மாதக் கணக்கில் வந்துகொண்டிருந்தார். இரண்டு தடவை ரத்தத்தில் தொற்று ஏறிப் படுத்துவிட்டார். பதிவேட்டில் 'பிஸ்டுலா: மறுத்துவிட்டார்' என்று இருந்தது. மறுத்துவிட்டார் என்று எழுதிவிட்டால் பழி அவர்மேல் போய்விடும், நம் பேனா சுத்தமாகிவிடும். ஏன் என்று கேட்டபோது சொன்னார்: "நாடா தள்ளுற கை, சிஸ்டர். இதுல கத்தி வெச்சா யார் எனக்குப் பாவு குடுப்பாங்க?" அவரிடம் யாரும் எந்தக் கை என்று கேட்டிருக்கவே இல்லை. அறுவை டாக்டர் அவரை உட்கார வைத்து, தறியில் எந்தக் கை எந்த வேலை செய்கிறது என்று செய்து காட்டச் சொன்னார். காற்றிலே நெய்து காட்டினார் மனிதர். பிறகு எந்தக் கையில் வைக்கலாம், காயம் ஆறி நரம்பு பருக்க எத்தனை வாரம், அதுவரை பட்டறையில் யார் துணைக்கு உட்காருவது என்று பேசி முடிவானது. பிஸ்டுலா வைத்து, குழாயை எடுத்த பிறகு அந்தக் காய்ச்சல் திரும்பவில்லை. கழுத்துக் குழாயோடு இருப்பவர் பட்டியலை மாதம் ஒரு முறை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த 'ஏன்' இருக்கிறதா என்று பார். பணம் என்பார்கள், பயம் என்பார்கள், அறுவைக்குத் தேதி கிடைக்கவில்லை என்பார்கள், யாரும் சொல்லவே இல்லை என்பார்கள். நாலுக்கும் மருந்து வேறு வேறு.

7. காசநோயை எடையில் தேடு. டயாலிசிஸ் நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் நாம் சினிமாவில் பார்த்த மாதிரி இருமி ரத்தம் துப்பிக்கொண்டுதான் வரும் என்றில்லை. கழுத்து நெறிக்கட்டியில் வரும், நுரையீரல் உறையில் வரும், வயிற்றில் வரும். பல நேரம் சளியில் கிருமி அகப்படாது, தோல் ஊசிச் சோதனையும் ஏமாற்றும். எடை குறையுமே என்றால், குறைந்த சதையின் இடத்தில் தண்ணீர் சேர்ந்து தராசில் அதே எடை காட்டும். மெஷின் போட்டு நீரை இறக்கிய பிறகு நிற்கிற எடை இருக்கிறதே, டிரை வெயிட், அதைப் பார். 58, 57, 55.5 என்று மாதா மாதம் அது இறங்க, மனிதர் மட்டும் வீங்கிக்கொண்டே இருந்தால், சாயங்காலக் காய்ச்சலும் சேர்ந்தால், அந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. மூன்று மாத எடையைத் தொடர்ந்து பார்ப்பவர் யூனிட்டில் அனேகமாக நீ ஒருத்திதான் இருப்பாய். காசநோய் உறுதியானால் 2012 மே முதல் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். அரசின் காசநோய்ப் பதிவு தரும் நிக்‌ஷய் எண்ணை வாங்கி நம் பதிவேட்டிலும் ஏற்று, அப்போதுதான் அங்கே மாத்திரை நின்றால் இங்கே தெரியும்.

பொறுமையாகப் பெயர் எழுதுவதால் என்ன கிடைக்கும் என்று சலிப்பு வந்தால் நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை நினை. காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அப்போது அதற்குள்தான். 1968இல் திருவள்ளூர்ப் பக்கத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க உலகத்திலேயே பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் திரவம் என்று போட்டவருக்கே தெரியாது. வருஷக்கணக்கில் வீடு வீடாகப் போய் ஆளைத் தேடிச் சளி எடுத்தார்கள். முதல் முடிவு 1979இல் வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. எல்லாரும் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். பதினைந்து வருஷம் பின்தொடர்ந்தும் அதே பதில். பிடிக்காத பதிலை மாற்றாமல் எழுதினார்கள். உலகம் அதை ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் அந்தக் கிராமங்களின் பதிவேடு அவ்வளவு ஒழுங்காக இருந்தது. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது என்பது தனி விஷயம். பிறந்த குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.)

8. வீட்டில் வயிற்று டயாலிசிஸ் செய்பவர்களையும் உன் கணக்கில் சேர். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து அதற்கான பைகள் வீட்டுக்கே போகின்றன. நல்ல காரியம். ஆனால் யூனிட்டுக்கு வராதவர் கண்ணில் படமாட்டார், கண்ணில் படாதவர் பதிவேட்டிலும் படமாட்டார். வயிற்றிலிருந்து இறங்கும் நீர் கலங்கலாக வந்தால் உள்ளே தொற்று. "பை தெளிவா இறங்குதாம்மா?" என்று வாரம் ஒரு போன் போடு. முடிந்தால் ஒரு தடவை வீட்டுக்கே போய்ப் பார். நம் நெசவாளர் வீட்டில் கூடத்தைத் தறி பிடித்துக்கொள்ளும். பை மாற்ற மிச்சமிருப்பது சமையற்கட்டு ஓரமோ படுக்கிற இடமோ. மாற்றும்போது மின்விசிறியை நிறுத்திக் கதவைச் சாத்தச் சொல்லியிருப்பார்கள். ஆனிமாதப் புழுக்கத்தில் யார் நிறுத்துவார்கள்? திட்டாதே. எந்த மூலையில் செய்யலாம் என்று கூடவே நின்று பார்த்துச் சொல்.

9. வராதவரை விடாதே. பதிவேட்டில் பெயரை ஏற்றுவது எல்லாராலும் முடியும். நான் முன்னே சொன்ன நாட்டளவிலான பதிவேட்டின் குறையும் அதுதான்: சேர்ந்த நாளில் எடுத்த படம் போல நின்றுவிட்டது, அதற்குப் பிறகு அந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று அது சொல்லவில்லை. ஒருவர் மூன்று தடவை தொடர்ந்து வராவிட்டால் போன் எடு. இறந்துவிட்டாரா, மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துவிட்டதா, வேறு யூனிட்டுக்குப் போனாரா, பஸ் காசுக்கு வழியில்லாமல் நிறுத்திவிட்டாரா, நாட்டு மருந்துக்குப் போனாரா என்று எழுது. தொற்றால் இறந்தவரை 'வரவில்லை' என்று எழுதிவிட்டால், அந்த மாதத்துத் தொற்றுக் கணக்கு பொய் ஆகிவிடும்.

2019இல் நம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் உனக்கு ஞாபகம் இருக்கும், ஊரே திணறியது. மெஷின் போட வேண்டியவர்கள் கூட்டத்தைத் தாண்டி வர முடியாமல், சிலர் உறவினர் வீட்டுக்குப் போய் அங்கேயே பக்கத்து ஊர் யூனிட்டில் போட்டுக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது, "என்ன சிஸ்டர், ரெண்டு வாரம்தானே வெளியே போனேன், மறுபடி ரத்தம் எதுக்கு?" என்று கேட்டார்கள். வேறு இடத்தில் ஒரு தடவை போட்டுக்கொண்டாலும் அது எழுதப்பட வேண்டும், ரத்தமும் பார்க்கப்பட வேண்டும். உடனே ஒரு தடவை, ஒளிந்திருக்கும் காலம் கழிந்து ஒரு தடவை. வைகாசி கருட சேவைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் முந்தைய வாரமே ஷிப்டை மாற்றிக் கேட்டு வைத்துக்கொள். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

10. வாயை மூடு, திரையையும் மூடு. யார் பாசிட்டிவ் என்று உனக்குத் தெரிந்தது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது. ஒரே தெருவில் நெய்பவர்கள், ஒரே சங்கத்தில் கூலி வாங்குபவர்கள். ஒரு சொல் நழுவினால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் நின்றுபோகும். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையைச் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பது ஒருபுறம். ஃபைலின்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் எங்காவது இருந்தால் அதை நிறுத்தப் பாடுபடு.

11. எழுதியதைத் திருப்பிக் காட்டு. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், நம் பக்கத்து உத்திரமேரூரில், ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இட முடியாது. நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒருமுறை போய் அந்தச் சுவரைப் பார்த்தபோது என் வேலைதான் நினைவுக்கு வந்தது. மாதா மாதம் சென்னைக்கும் டில்லிக்கும் கணக்கு அனுப்புகிறோம். அந்த எண்களைத் தந்த யூனிட்டுக்கு ஒரு வரி காட்டுவதில்லை. ஒற்றைத் தாளில் எழுதி, நர்ஸ்கள் கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டு: இந்த மாதம் எத்தனை பேர், எத்தனை தொற்று, எத்தனை பேருக்குத் தடுப்பூசி பாக்கி. ஆள் பெயர் வேண்டாம். யார் தப்பு என்று எழுதவே எழுதாதே. எழுதினால் அடுத்த மாதம் உன்னிடம் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், ஐந்தாவதில் சொன்ன பூஜ்யம் திரும்ப வந்துவிடும்.

12. தடுப்பூசிப் பக்கத்தை வாராவாரம் புரட்டு. டயாலிசிஸ் நோயாளிக்கு ஹெபடைடிஸ் பி ஊசி சாதாரண அளவு போதாது. இரண்டு மடங்கு, அதாவது 40 மைக்ரோகிராம், முதல் நாள், ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம் என்று நாலு தடவை போடுவது வழக்கம். அந்த ஆறாம் மாதத்து ஊசிதான் எங்கேயும் விட்டுப்போகும். முடித்து ஒன்று இரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு பார்க்க வேண்டும்; 10க்குக் கீழே இருந்தால் மறுபடி ஊசி. வருஷத்துக்கு ஒரு முறை அளவு திரும்பப் பார்க்க வேண்டும், இவர்களுக்கு அது சீக்கிரம் கரைந்துவிடும்.

ஊழியர்களுக்கும் ஒரு பக்கம் போடு. 1969, 70இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு பெரிய மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் இந்தக் கிருமி புகுந்தபோது நோயாளிகளோடு அங்கே வேலை பார்த்தவர்களும் இறந்தார்கள். 1972இல் பிரிட்டனில் ரோசன்ஹைம் தலைமையிலான குழு கறாரான விதிகளை வகுத்தது. இன்று நாம் தனி அறை, கையுறை என்று செய்வதில் பாதி அந்தச் சாவுகளிலிருந்து வந்தது. அப்போது தடுப்பூசி கிடையாது, இப்போது இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைதானே என்று இருந்துவிடாதே. படுக்கைக்குப் பக்கத்தில் போகச் சொல்லி முதல் அறிவுரையிலேயே உன்னை மாட்டிவிட்டிருக்கிறேன். சேருவதற்கு முன் ரத்தம் கொடுத்துப் பார், முதல் ஊசியைப் போட்டுக்கொள், அடுத்தது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதத்தில். உனக்கு மூன்று போதும். ஊழியர் பக்கத்தில் முதல் பெயராக உன் பெயரைத் தேதியோடு எழுது. அதற்குக் கீழே பாதிப் பேர் இரண்டு ஊசியோடு நின்றிருப்பார்கள், அதில் ஒரு பெரிய டாக்டர் பெயரும் இருக்கும். அவரையும் கூப்பிட்டுச் சொல்.